கலைஞர் நூலகம் வந்துவிட்டது. கடைத்தெருக் கிளை நூலகம் இனி எதற்கு?

தென்கரைக்காரன்:
மதுரையில் வைகைக்குத் தெற்கே, எங்கள் கடைத்தெருவுக்குள் இருக்கும் கிளை நூலகத்தை மூடிவிட்டு, நல்ல புத்தகங்களைப் புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னேன். பலருக்குக் கோபம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலை 15 அன்று திறந்த அந்த நூலகம் 2 லட்சம் சதுர அடிக்கும் மேல். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, போட்டித்தேர்வு எழுதுபவர்களுக்குத் தனிப் பகுதி. நம் கிளையில் மழை வந்தால் வரலாற்று அலமாரிமேல் தார்ப்பாயை இழுத்துப் போடுகிறார்கள். மீன்கடைப் பக்கத்துச் சன்னலைத் திறக்க முடியாது. என் மகன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க அங்கே போய், நான்கே நாளில் வேண்டாம் என்று வந்துவிட்டான். இப்போது இரண்டு பஸ் மாறி நத்தம் சாலைக்குப் போகிறான். இருக்கிற பணத்தை ஒரே இடத்தில் உருப்படியாகச் செலவிட்டால் என்ன?

பூக்கடை வாசகி:
அண்ணா, உங்கள் மகன் பஸ் மாறிப் போவான். என் மகளுக்கு ஒன்பது வயது. மாநகராட்சிப் பள்ளி விட்டதும் நேராக நூலகத்துக்குத்தான் வருவாள். நான் பூக்கட்டும் இடத்திலிருந்து பார்த்தால் நூலக வாசலில் அவள் கழற்றிப்போட்ட நீலச் செருப்பு தெரியும். செருப்பு கிடந்தால் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று நிம்மதியாகச் சரத்தை முடிப்பேன். ஆற்றைத் தாண்டி எத்தனை பெரிய மாளிகை கட்டினாலும் அந்தச் செருப்பை நான் எப்படிப் பார்ப்பது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நூலகம் எங்கே அமைய வேண்டும் என்பது சின்ன விஷயம் அன்று. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதினார். 'நூல்கள் பயன்படுத்தவே' என்பது முதல் விதி. அதை விளக்கும்போதே நூலகத்தின் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்: ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருந்தால்தான் நூல் பயன்படும். அவருடைய முயற்சியால் வந்ததுதான் 1948ஆம் ஆண்டு சென்னை பொது நூலகச் சட்டம். நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி சேர்ந்திருக்கிறது. அதைக் கட்டுபவர்களில் பூக்கடைக்காரரும் மீன்கடைக்காரரும் உண்டு. அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நூலகம் இருக்க வேண்டாமா?

தென்கரைக்காரன்:
ஐயா, ஐந்தாம் விதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நூலகம் வளரும் உயிர் என்கிறார். நம் கிளை வளரவில்லையே! என் சிறுவயதில் பார்த்த அதே அட்டை கிழிந்த துப்பறியும் கதைகள் அதே தட்டில் இருக்கின்றன. போன மாதம் ஒரு புத்தகத்தைப் பிரித்து, உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்த்தேன். கடைசி முத்திரை 2011. யாரும் தொடாத புத்தகத்துக்குக் காவலாக ஒரு கட்டடமா? அக்கா சொன்னது எனக்கும் உறைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பத்திரமாக உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதும் நூலகம் வேண்டும் என்பதும் ஒன்றா?

தேநீர்க்கடை, மூன்றாம் எண்:
அண்ணாச்சி பக்கம்தான் நான். காலையில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நாளிதழ் பார்க்கத்தான் வருகிறார்கள். நாளிதழ் என் கடையிலும் கிடக்கிறது. அந்த இடத்தில் வண்டி நிறுத்தினால் சந்தைக்கு வருபவர்களுக்கு எவ்வளவு உதவி!

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, உங்கள் கடையில் ஒரு தேநீர் வாங்காமல் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா? கோபிக்காதீர்கள், அது வியாபாரம், தவறில்லை. சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் தினமும் விரலை வரிக்கு அடியில் வைத்துத் தலைப்புச் செய்திகளை எழுத்துக்கூட்டிப் படிப்பதை நம் கிளை நூலகத்தில் பார்க்கிறேன். ஐம்பது வயதுக்குமேல் படிக்கக் கற்றுக்கொண்டவர். யாரும் அவரை எழுப்பி அனுப்புவதில்லை.

பூக்கடை வாசகி:
என் மகளும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை அண்ணா. சிறுவர் தட்டில் இருந்த முப்பதையும் படித்து முடித்துவிட்டாள். புதிதாக வேண்டும் என்று நச்சரிக்கிறாள். 2011இல் முத்திரை நின்றுபோனது புத்தகம் பழசானதால். அதற்குப் புதுப் புத்தகம் கேளுங்கள். கூரைக்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. மூடச் சொல்லும் மனுவில் போடமாட்டேன்.

தென்கரைக்காரன்:
சரி அக்கா. மூட வேண்டும் என்ற வரியை எடுத்துவிடுகிறேன். கூரை, மீன்கடைப் பக்கச் சன்னலுக்கு வலை, சிறுவர் நூல்கள், இந்த மூன்றை மட்டும் எழுதி மாவட்ட நூலக அலுவலருக்குக் கொடுப்போம். ஐப்பசி மழைக்கும் தார்ப்பாய்தான் என்றால் மறுபடி இதே கேள்வியோடு வருவேன். நண்பகலில் பூட்டாமல் திறந்து வைப்பதையும் சேர்க்கலாமா, ஐயா?