கண்ணுக்காகப் போன இடத்தில் குறட்டையைப் பற்றிக் கேட்டார்கள்

ஏறத்தாழ ஓராண்டு காலம், காலையில் எழும்போதெல்லாம் என் வலது கண் மட்டும் சிவந்து, பீளை கட்டி, மணல் விழுந்ததுபோல உறுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வாமை என்று இரண்டு முறை சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். விடும்வரை சற்றுத் தணியும், நிறுத்தினால் பழைய கதைதான். மூன்றாவதாகப் பார்த்த கண் மருத்துவர் கட்டைவிரலால் என் மேல் இமையை மெல்ல உயர்த்தியபோது, அது நைந்த ரப்பரைப் போல எளிதாக வெளிப்புறம் புரண்டுவிட்டது. உடனே அவர், "எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள்? குறட்டை உண்டா?" என்று கேட்டார். வலப்பக்கம் என்றேன், குறட்டைக்கு, உடன் வந்திருந்த என் மனைவியே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார்.

தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களிடம் இந்த இமைத் தளர்ச்சி அதிகம் காணப்படுகிறது என்றும், இமைக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் குறைந்துபோவதால், தலையணையில் அழுந்தும் பக்கத்து இமை புரண்டு, கண் உராய்ந்து புண்படுகிறது என்றும் அவர் விளக்கினார். தூக்கப் பரிசோதனையில் எனக்கு மணிக்கு 41 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போனது தெரியவந்தது. 5-க்குக் குறைவாக இருந்தால் இயல்பு, 30-ஐ எட்டினாலே கடுமை. மூச்சுப்பாதை அடைபடாமலிருக்க முகமூடி வழியே தொடர்ந்து காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியை மாட்டிக்கொண்ட முதல் வாரங்களில், முகமூடியின் மேல் விளிம்பு வழியே கசிந்த காற்று கண்ணை இன்னும் காயவைத்தது வேறு கதை. முகமூடியின் அளவை மாற்றிய பிறகு, நான்கு மாதங்களில் சிவப்பு அடங்கியது.

மேலே எழுதியவருக்கு: உங்களுக்கு உறுத்தலாவது இருந்தது. எனக்கு வலியே இல்லாமல், ஒரு நாள் விழித்தபோது இடக் கண்ணில் கீழ்ப்பாதி இருண்டிருந்தது. பார்வை நரம்பின் முனைக்கு ரத்த ஓட்டம் குறைந்ததால் வந்த பாதிப்பு என்றார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு தூக்கப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தபோது, இது எதற்கு என்று வாதாடியவன் நான். முடிவு கடுமையான ஆப்னியா. இரவில் ஆக்சிஜன் திரும்பத் திரும்ப இறங்குவதும் இந்த நரம்புப் பாதிப்போடு தொடர்புடையது என்று அப்போதுதான் அறிந்தேன். மற்றக் கண்ணையாவது காப்பாற்றலாம் என்ற எண்ணத்தில் இப்போது ஓரிரவுகூடக் கருவி இல்லாமல் உறங்குவதில்லை. இழந்த பார்வை திரும்பவில்லை: வலக் கண்ணை மூடிக்கொண்டால், எதிரில் நிற்பவரின் முகம் தெரிகிறது, அவர் நீட்டும் கை தெரிவதில்லை.