"கேபிளைத் திருப்பிப் போடுங்கள் சார்": மோடத்தோடு மல்லுக்கட்டிய கதைகளை எழுதுங்கள்

பாதிராத்திரி

ஆறு மாதமாகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது வயர் இணைப்பு, மோடத்திலிருந்து நேராகக் கணினிக்கு. ஒரு நாள் காலையில் நெட் இல்லை. மோடத்தில் பவர், இன்டர்நெட் இரண்டும் பச்சை. கணினியில் மட்டும் பெருக்கல் குறி. இன்னும் அரை மணி நேரத்தில் ஒரு மீட்டிங், நான்தான் பேச வேண்டும். உதவி எண்ணுக்கு அடித்தேன். எடுத்த பெண் ரொம்ப நிதானமாகப் பேசினார். "கேபிள் இரண்டு பக்கமும் சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள் சார்."

"பார்த்தாச்சு."

பார்க்கவே இல்லை. மேசைக்கு அடியில் குனியச் சோம்பல். அதைவிட, இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர்.

அவர் வாதாடவில்லை. "சரி சார், அப்போது ஒன்று செய்யுங்கள். இரண்டு முனையையும் கழற்றி, மோடத்தில் இருந்ததைக் கணினியிலும் கணினியில் இருந்ததை மோடத்திலும் போடுங்கள். சில சமயம் திருப்பிப் போட்டால் எடுக்கும்" என்றார்.

லேன் கேபிளுக்குத் தலை வால் கிடையாது என்பது எனக்குத் தெரியும். சிரிப்புகூட வந்தது. ஆனால் கழற்றாமல் எப்படித் திருப்புவது? மேசைக்கு அடியில் புகுந்து மோடம் பக்கத்து முனையைப் பிடித்தேன். கழற்ற வேண்டிய வேலையே இருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. அந்தச் சின்ன பிளாஸ்டிக் கிளிப் எப்போதோ உடைந்திருக்கிறது. அதே முனையை அதே ஓட்டையில் வைத்து அழுத்தினேன், போர்ட்டில் விளக்கு மினுக்கென்று எரிந்தது.

"வந்துவிட்டதா சார்?"

"வந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி திருப்பிப் போட்டதும் வந்துவிட்டது."

ஒரு நொடி அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் "நல்லது சார்" என்றார். அந்த ஒரு நொடிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

எட்டுக்கம்பி

பாதிராத்திரி, உங்களுடையது ஒரு பொய்தான். நான் மூன்று மாதம் சண்டையே போட்டேன்.

300 எம்பிபிஎஸ் பிளான். 94க்கு மேல் ஒரு புள்ளி ஏறாது. காலையில் 94, நள்ளிரவில் 94. போன் எடுத்த ஒவ்வொருவரையும் திட்டினேன், ஏமாற்றுகிறீர்கள் என்று எழுத்திலும் புகார் கொடுத்தேன். கடைசியில் ஒரு வயதான டெக்னீஷியன் வந்தார். கணினியில் நெட்வொர்க் விவரத்தைத் திறக்கச் சொன்னார். லிங்க் வேகம் 100 என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து மோடம் பக்கம் போனார். கேபிளை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தார். நாடி பார்ப்பது போல மெதுவாக. அலமாரி வந்ததும் நின்றார்.

"இதை எப்போது நகர்த்தினீர்கள்?"

அலமாரியின் கால் கேபிள் மேல் நின்றது. நகர்த்தியது நான்தான், மூன்று மாதம் முன்னால்.

உள்ளே எட்டுக் கம்பி. 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். ஜிகாபிட், அதாவது 1000, ஓட எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு சாகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதில் முகவரி, சரிபார்ப்பு என்று தகவலோடு கூடவே போகும் மேல்செலவு போக நமக்குக் கிடைப்பது அந்த 94, 95தான். புதுக் கேபிள் போட்டதும் 300 வந்தது. அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

நேர்கோடு

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எல்லோரும் அலமாரியைத் தூக்கக் கிளம்ப வேண்டாம். 94 என்றால் கேபிள்தான் என்று முடிவு கட்டுவது தப்பு. மோடத்தின் போர்ட்டே 100தானா என்று முதலில் பார்க்க வேண்டும், பழைய பெட்டிகள் பல அப்படித்தான். நடுவில் ஒரு பழைய சுவிட்ச் இருந்தாலும் இதே கதைதான். யாராவது கணினியின் நெட்வொர்க் கார்டு அமைப்பில் கைவைத்து வேகத்தை 100 என்று பூட்டி வைத்திருந்தாலும் அதேதான். அதை "ஆட்டோ"வில் விடுங்கள். ஒரு பக்கம் பூட்டியும் மறுபக்கம் ஆட்டோவிலும் இருந்தால் டூப்ளெக்ஸ், அதாவது ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவுமா, மாறி மாறியா என்ற முறை, பொருந்தாமல் இன்னும் மோசமாகும்.

என் அனுபவம் சின்னது. 30 மீட்டர் கேபிள், முனைகளில் பிளக்கை நானே அழுத்திக் கிரிம்ப் செய்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் 1, 2, 3 என்று வரிசையாக எரிந்தன. ஆனால் இணைப்பு விட்டு விட்டு வந்தது. ஒரு வாரம் மோடத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, வண்ணங்களை ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன். பார்க்க அழகு. ஆனால் பச்சை ஜோடி 3லும் 6லும் பிரிந்து உட்கார வேண்டும், நடுவில் நீல ஜோடி. முறுக்கிய ஜோடியிலேயே ஒரு சிக்னல் போய்வந்தால்தான் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சாதா டெஸ்டருக்குக் கம்பி தொடுகிறதா என்பது மட்டும்தான் தெரியும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது தெரியாது.

சரி, இனிமேல் நெட் போனால் இப்படிப் பாருங்கள். முதலில் போர்ட் விளக்கு. எரியவில்லை என்றால் கேபிள், போர்ட், கிளிப். மென்பொருளைத் தொடவே வேண்டாம். விளக்கு எரிகிறது என்றால் கணினிக்கு என்ன ஐபி முகவரி வந்திருக்கிறது என்று பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்டுக் கேட்டு யாரும் தராததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். மோடம் பேசவில்லை. முகவரி ஒழுங்காக இருந்தால் மோடத்தையே பிங் செய்யுங்கள், அதாவது கூப்பிட்டுப் பதில் வருகிறதா பாருங்கள். அது பதில் சொன்னால் அடுத்து 8.8.8.8, வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. அதுவும் பதில் சொல்லி, தளங்கள் மட்டும் பெயரால் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. வீட்டுக்குள் ஆரம்பித்து வெளியே போக வேண்டும். பெரும்பாலானோர் வெளியே ஆரம்பித்து போனில் கத்துகிறார்கள். இன்னொன்று, கேபிள் மோடம் வைத்திருப்பவர்கள் ரவுட்டரையோ கணினியையோ மாற்றினால் மோடத்தையும் ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பல மோடங்கள் முதலில் பார்த்த கருவியை நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்ததை வாசலிலேயே நிறுத்திவிடும். கேபிள் வாங்கும்போது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது வேண்டாம், முழுச் செம்பு வாங்குங்கள். அடிக்கடி மடக்கினால் அலுமினியம் சீக்கிரம் உடைந்துவிடும்.

எட்டுக்கம்பி

அலமாரியைத் தூக்கச் சொல்லி யாரும் இங்கே எழுதவில்லை ஐயா. என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். உங்கள் அனுபவம் சின்னதுதான், அறிவுரை 100 மீட்டரைத் தாண்டிவிட்டது. லேன் கேபிளில் அதற்கு மேல் சிக்னலுக்கு உத்தரவாதம் கிடையாது.

வாண்டுகளின் அம்மா

நேர்கோடு சொன்ன எதிலுமே சேராத ஒன்று என்னிடம் இருக்கிறது.

வேலையில் இருந்தேன், எல்லாமே ஒரே நேரத்தில் உறைந்துவிட்டது. ரவுட்டரைப் போய்ப் பார்த்தால் பின்னால் இருந்த அத்தனை விளக்கும் ஒன்றாக, ஒரே தாளத்தில், படபடவென்று அடித்துக்கொள்கின்றன. அப்படி ஒரு ஆட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. பயமே வந்துவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆட்டம்.

அப்புறம் நான் செய்ததுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல். ஊக்கை எடுத்து ரீசெட் ஓட்டையில் குத்திப் பிடித்தேன். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அதில்தான் இருந்தன. எல்லாம் போச்சு. எழுதி வைத்த தாளும் இல்லை. விளக்கு மட்டும் அதே ஆட்டம்.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது சின்னவன் வந்தான், நான்கு வயது. "அம்மா, வால் கீழே தொங்கிச்சு, நான்தான் உள்ளே போட்டுட்டேன்" என்றான். பாராட்டு எதிர்பார்க்கும் முகம். பழைய மேசைக் கணினிக்குப் போன கேபிள் அது. ஒரு முனை ரவுட்டரிலேயே இருந்தது. தரையில் கிடந்த இன்னொரு முனையையும் அதே ரவுட்டரின் பக்கத்து ஓட்டையில் செருகியிருக்கிறான். ஒரு வாசலில் வெளியே போன செய்தி அடுத்த வாசலில் உள்ளே வந்து, திரும்ப வெளியே போய், நிற்காமல் பெருகிக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிளை உருவினேன், ஆட்டம் நின்றது.

அவன் பிரச்சினை ஒரு நொடியில் தீர்ந்தது. என் ரீசெட் பிரச்சினை தீர இரண்டு நாள்.

நேர்கோடு

இதற்குத்தான் எப்போதும் சொல்வேன், ரீசெட் பண்ணும் முன் அமைப்புப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். பல ரவுட்டர்களில் பேக்கப் வசதியும் உண்டு.

வாண்டுகளின் அம்மா

அந்த நேரத்தில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லையே!

மத்தியானம் மூன்று மணி

பாதிராத்திரி பொய் சொன்னார், அவர் பேச்சுக்கு மரியாதை கிடைத்தது. நான் உண்மை சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

என்னுடையது கோஆக்ஸ் இணைப்பு, கேபிள் டிவிக்கு வருமே அந்த உருண்டைக் கேபிள். தினமும் மத்தியானம் மூன்று மணிவாக்கில் போகும், பொழுது சாய்ந்தால் வரும். டெக்னீஷியன் வருவதோ காலை பத்து மணிக்கு. வந்து பார்ப்பார், எல்லாம் ஓடும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை வந்தவர் நல்ல மனிதர். "போகும்வரை உட்கார்ந்திருக்கிறேன்" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டரை, மூன்று, மூன்றே கால். அன்றைக்கென்று வானம் மூட்டம். நெட் போகவே இல்லை, குத்துக்கல் மாதிரி இருந்தது. மூன்றரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே "வருகிறேன்" என்றார். அந்தப் பார்வை திரும்பிய விதம் இருக்கிறதே! நான் ஏதோ பேச்சுத்துணைக்குக் கூப்பிட்ட ஆள் என்று நினைத்துவிட்டார்.

பிறகு நானே 192.168.100.1 போட்டு மோடத்தின் பக்கத்தைத் திறந்தேன். அப்லோட் பக்கத்து பவர் காலையிலேயே 50 டிபிஎம்வி (சிக்னல் வலிமையின் அளவு) தாண்டியிருந்தது. மோடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் தள்ளினால் குரலே எழும்பாது. வெயில் ஏறி வெளிக் கேபிள் சூடானால் இழப்பு இன்னும் கூடும். கேபிளைத் தொடர்ந்து போனால் நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டர். ஒரு கால் மோடத்துக்கு, இன்னொரு கால் எங்கும் போகவில்லை. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று சுமார் 3.5 டெசிபெல் தின்னும். அதைத் தூக்கிப் போட்டேன், முனைகளைத் துடைத்து ஸ்பேனரால் இறுக்கினேன். அன்றிலிருந்து மூன்று மணி என்ற ஒன்றே இல்லை.

அந்த நான்காவது மனிதரிடம் சொல்ல வேண்டும். எண் இல்லை.

நேர்கோடு

வெயிலெல்லாம் தற்செயல். நீங்கள் முனையை இறுக்கியதால் சரியானது. நேரத்துக்கு நேரம் நெட் போகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடுகிறார்கள்.

ஏழுமணி டிவி

தற்செயலா? வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தைப் பற்றி 2020ல் செய்தி வந்தது, தேடிப் பாருங்கள். ஊர் முழுக்கத் தினமும் காலை ஏழு மணிக்கு இணையம் படுத்துவிடும். சுமார் 18 மாதம். கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள், தீரவில்லை. கடைசியில் பொறியாளர்கள் மின் இரைச்சலைக் கண்டுபிடிக்கும் அலைமானியைக் கையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்தார்கள். ஏழு மணி ஆனதும் ஒரு வீட்டிலிருந்து இரைச்சல் கிளம்பியது. அந்த வீட்டார் பழைய டிவியைப் போடும் நேரம் அது. அந்தக் கிராமத்துக்குப் போனது செம்புக் கம்பி. டிவி கக்கிய மின் இரைச்சல் அதில் ஏறி மொத்த ஊரையும் கவிழ்த்திருக்கிறது. டிவிக்காரர் வெட்கப்பட்டு, இனி போடவே மாட்டேன் என்று ஒப்புக்கொண்டாராம். ஊர்க்காரர்கள் ஏழு மணி ஏழு மணி என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

என் வீட்டுக் கதை இவ்வளவு பெரிதில்லை. மோடத்தின் அடாப்டர் பழசாகி, சுமை ஏறும்போதெல்லாம் மோடம் தானே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்ததால் அடாப்டர் மேல் சந்தேகமே வரவில்லை. மோடத்தையே மாற்றினேன், கேபிளை மாற்றினேன். புது மோடத்துக்கும் சோம்பலில் பழைய அடாப்டரையே மாட்டினேன், அளவு ஒன்றுதானே என்று. புதுசும் அதே மாதிரி விழுந்து விழுந்து எழுந்தது. புது அடாப்டர் பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது. இதை என் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

நேர்கோடு

அபர்ஹோசன் செய்தியைப் படித்தேன். சரி, வெயிலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முனையை இறுக்கியதும் ஒரு காரணம்.

மத்தியானம் மூன்று மணி

இருக்கட்டும், பாதிப் பாதி.

பாதிராத்திரி

எல்லோருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன வாரம் மறுபடி நெட் போனது. இந்தத் தடவை டார்ச் எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனேன். இப்போது புதுக் கேபிள், இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் கேட்க மாட்டினேன். போர்ட் விளக்கு, ஐபி, மோடம் பிங், நேர்கோடு சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். மோடம் வரைக்கும் ஒழுங்கு, அதற்கு வெளியேதான் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் உதவி எண்ணுக்கு அடித்தேன். இந்தத் தடவை ஒரு பையன் பேசினான்.

"கேபிள் பார்த்தீர்களா சார்?"

"பார்த்தாச்சு. நிஜமாகவே பார்த்தாச்சு."

"சரி சார். எதற்கும் ஒரு தடவை இரண்டு முனையையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள்."

மறுபடி மேசைக்கு அடியில் போய்த் திருப்பிப் போட்டேன். வரவில்லை. வெளியே எங்கோ லைன் போயிருந்ததாம், சாயங்காலம் தானாக வந்தது.