எஃப்ஆர்பி ஐ-பீம் வளைவுச் சோதனை: எந்த எண்ணை நம்புவது?

வணக்கம் நண்பர்களே. ரசாயன ஆலை நடைமேடைக்காக 100 மி.மீ. உயர எஃப்ஆர்பி (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்) ஐ-பீம் செய்கிறோம். கண்ணாடி இழை, வினைல் எஸ்டர் ரெசின், பல்ட்ரூஷன் முறை (ரெசினில் நனைத்த இழைகளைச் சூடான அச்சு வழியே இழுத்துச் செய்வது). வாடிக்கையாளர் கேட்பது ஐரோப்பியத் தரமான இஎன் 13706-இல் வரும் இ23 வகை. அதாவது, முழு பீமையும் வளைத்துப் பார்க்கும்போது மீள்மைக் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 23 ஜிகாபாஸ்கலாவது வர வேண்டும்.

மூன்று புள்ளி வளைவில் (இரு பக்கமும் தாங்கி, நடுவில் உருளையால் அழுத்துவது) தாங்கிகளுக்கு இடையே 1 மீட்டர் வைத்தால் 18.3 வருகிறது. 2 மீட்டர் வைத்தால் 21.6. பீம் அதேதான்!

ஷியர் தொய்வுதான் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதுபோல் பீம் உருமாறுவதால் வரும் கூடுதல் தொய்வு) காரணம் என்பது புரிகிறது. எஃகில் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். இங்கே இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் ஷியர் குணகம் 3 ஜிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கிறது. இடைவெளி குறையக் குறைய அதன் பங்கு ஏறிவிடுகிறது. இரண்டு அளவையும் வைத்து ஷியரைக் கழித்தால் 23-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் இரண்டே புள்ளியில் கோடு போட எனக்கு மனமில்லை.

அறிக்கையில் கழித்த எண்ணைப் போட்டால் மூன்றாம் தரப்பு ஆய்வாளர்கள் ஏற்கிறார்களா, நீண்ட இடைவெளியில் நேரடியாக அளந்ததைத்தான் கேட்கிறார்களா? சென்னை, கோவை பக்கம் 3 மீட்டர் வரை சோதிக்கும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகார ஆய்வகம் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், உருளைக்கு அடியில் மேல் ஃபிளாஞ்ச் (பீமின் மேல்பக்கக் கிடைத்தகடு) நசுங்குகிறது. ரப்பர் பட்டை வைக்கிறீர்களா, எஃகுத் தகடா? ரப்பர் வைத்தால் தொய்வைப் பீமின் அடிப்பக்கத்தில்தான் அளக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.