கண்ணாடியைக் கழற்று, அம்மா

குழந்தைகள் படம் என்று நம்பிப் போய்க் கலங்கித் திரும்பிய அனுபவங்களைப் பலரும் சொல்லிவருவதால், என் 9 வயது மகளோடு ஓர் இரவுக் காட்சியில் ‘கோரலைன்’ பார்த்ததை நானும் எழுதுகிறேன். ஹென்றி செலிக் இயக்கி 2009இல் வெளியான அந்தப் பொம்மை அசைவுப் படம், 15 ஆண்டு நிறைவையொட்டி 2024இல் முப்பரிமாண வடிவில் திரையரங்குகளுக்குத் திரும்பி வந்திருந்தது. நீல நிறத் தலைமுடி, மஞ்சள் மழைக்கோட்டு, பக்கத்தில் ஒரு கறுப்புப் பூனை என்று அந்தச் சிறுமியின் படத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே மகளுக்குப் பிடித்துப் போயிற்று. நானும் வேறெதையும் விசாரிக்கவில்லை.

படம் ஒரு தையல் வேலையோடு தொடங்குகிறது. ஊசிகளையே விரல்களாகக் கொண்ட இரண்டு கைகள் ஒரு துணிப்பொம்மையின் தையலைப் பிரித்து, உள்ளே அடைத்திருந்ததை வெளியே எடுத்து, வேறு தலைமுடியும் வேறு உடையும் பொத்தான் கண்களும் வைத்துத் தைத்து அனுப்புகின்றன. பின்னணியில் குழந்தைகள் சேர்ந்து பாடுகிறார்கள். எனக்குத் தெரியாத ஏதோ மொழியின் தாலாட்டு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சொற்களுக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்தக் கைகள் அவசரப்படுவதே இல்லை. மிகுந்த அக்கறையோடு, ஒரு தாய் குழந்தைக்குச் சட்டை தைப்பதைப் போலத்தான் அவை வேலை செய்கின்றன. என் முதல் கலக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அதற்குப் படம் எடுக்கப்பட்ட முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதில் நாம் பார்ப்பவை கோட்டோவியங்கள் அல்ல. கையால் செய்த பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற கணக்கில் உருவாக்கிய அசைவு. முகபாவம் மாறுவதற்காக ஏராளமான முகங்களை முப்பரிமாண அச்சில் வார்த்து, ஒன்றை எடுத்து மற்றொன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். முழுநீளப் படமொன்றில் அந்த முறை கையாளப்பட்டது இதுவே முதல் தடவை. கோரலைன் அணியும் கம்பளிச் சட்டையைக்கூட நூலிழை போன்ற மெல்லிய ஊசிகளால் உண்மையாகவே பின்னியிருக்கிறார்கள். துணி உண்மை, நூல் உண்மை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால், ஊசியும் உண்மையாகவே குத்தும் என்று மனம் நம்பத் தொடங்கிவிடுகிறது.

கதையை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். புது வீட்டுக்குக் குடிவந்த கோரலைனின் தாயும் தந்தையும் கணினி முன்னால் வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்கள். சுவரில் உள்ள ஒரு சிறு கதவைத் திறந்து தவழ்ந்து போனால், அங்கே அதே வீடு, அதே சமையலறை. முதுகைக் காட்டியபடி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சமைக்கும் அதே அம்மா. அவள் திரும்பும்போது கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள். அரங்கிலிருந்த சிறுவர்கள் அந்த இடத்தில் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். விருந்து, பூந்தோட்டம், குட்டி எலிகளின் சர்க்கஸ் என்று அதற்குப் பின் வந்ததெல்லாம் கொள்ளை அழகு.

மனிதனை ஏறக்குறைய ஒத்திருந்தும் முழுதாக ஒத்திராத உருவம் நமக்குள் ஒவ்வாமையை எழுப்பும் என்று ஜப்பானியப் பொறியியலாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். இந்தப் படத்தைப் பொறுத்தவரை அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை, ஏனெனில் இப்பொம்மைகள் மனிதரைப் போல இருக்க முயலவே இல்லை. நளவெண்பாவில் ஐந்து நளன்கள் வீற்றிருக்கும் சுயம்வர மண்டபம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கண் இமைக்கிறது, கால் தரையில் படுகிறது, மாலை வாடுகிறது என்பவற்றைக் கண்டுதான் தமயந்தி தன் நளனை, அவன் உருவிலேயே வந்திருக்கும் நான்கு தேவர்களிடமிருந்து பிரித்தறிகிறாள். அந்த இன்னொரு அம்மாவிடம் அன்பான பேச்சு உண்டு, வருடிக் கொடுக்கும் கை உண்டு, இமைப்பு மட்டும் இல்லை. அவள் எங்கே பார்க்கிறாள், என்ன நினைக்கிறாள் என்று கண்டுகொள்ள நமக்கு ஒரு வழியும் இல்லை.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. நீ விரும்பினால் இங்கேயே எங்களோடு இருந்துவிடலாம் என்று கொஞ்சலாகச் சொல்லி, அந்த அம்மா ஒரு சிறு பரிசுப் பெட்டியை மேசைமேல் நகர்த்துகிறாள். உள்ளே இரண்டு கறுப்புப் பொத்தான்கள், ஊசி, நூல். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அடங்கிப் போயிற்று. என் மகள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, என் தோளிலும் சாயவில்லை. திரையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று இருக்கையின் மறு ஓரத்துக்கு ஒதுங்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சில நொடிகள் கழித்து, குரலே எழும்பாமல், “கண்ணாடியைக் கழற்று, அம்மா” என்றாள்.

முப்பரிமாணப் படத்துக்காகத் தந்திருந்த கறுப்புக் கண்ணாடியை நான் அணிந்திருந்தேன். அந்த இருட்டில், திரையின் வெளிச்சம் மட்டும் பட்ட என் முகத்தில், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழற்றினேன். என் இரண்டு கண்களையும் மாறி மாறி உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அவள் பழைய இடத்துக்கு நகர்ந்து வந்தாள். தன் கண்ணாடியை அவள் கழற்றவில்லை. ஆனால் என்னை மறுபடியும் அணிய விடவில்லை.

ஆகவே மீதிப் படத்தை வெறுங்கண்ணால் பார்த்தேன். இரு கண்களுக்கும் தனித்தனியாகக் காட்டும் உருவங்கள் ஒன்றோடொன்று கலந்து, எல்லாம் இரட்டை இரட்டையாக, விளிம்பு கலைந்து தெரிந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன்: கோரலைனின் சொந்த வீட்டில் அந்த இரண்டு உருவங்களும் ஏறக்குறைய ஒட்டியே இருந்தன, கதவுக்கு அப்பால் போனதும் பல காட்சிகளில் அவை விலகிப் போயின. நிஜ வீட்டின் படப்பிடிப்பு அரங்குகளை ஆழம் குறைவாக, நெருக்கமாகக் கட்டி, மறுவுலகை மட்டும் ஆழமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பின்னர் படித்தபோது காரணம் புரிந்தது. கண்ணாடி அணிந்தவர்களை உள்ளே வா என்று அழைத்த அதே ஆழம், எனக்கு உருவங்களின் பிளவாகத் தெரிந்திருக்கிறது.

அந்த நிலையிலும் என்னை மிகவும் வாட்டியது நிஜ அம்மாதான். கழுத்தில் பட்டையோடு, முடிக்க வேண்டிய வேலையின் பதற்றத்தோடு, நிமிர்ந்து பாராமலே மகளுக்குப் பதில் சொல்கிறாள் அவள். நானும் பெரும்பாலான மாலைகளில் அப்படித்தான் பதில் சொல்கிறேன். அவளைக் கெட்டவளாகக் காட்டாததற்காக இந்தப் படத்தின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. கடையில் மகள் கேட்டு அவள் மறுத்த கையுறை, கடைசியில் ஒரு வார்த்தையும் இல்லாமல் மகளின் படுக்கைமேல் வந்து சேர்கிறது. விருந்தும் சர்க்கஸும் நடத்திய அம்மா கண்களைக் கேட்டாள். இவள் எதையுமே கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் மகள் எதுவும் பேசவில்லை. படுக்கப் போகும் முன் தன் துணிப்பொம்மையை எடுத்துவந்து, அதன் கண்கள் பொத்தானா, நூல் வேலையா என்று விளக்கடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். நூல் வேலைதான் என்றேன். தடவிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இப்போதும் நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது சில சமயம் அவள் பின்னால் வந்து நிற்பாள். கூப்பிட மாட்டாள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததும், “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள்.