அப்பாவை மூன்று மீட்டர் நடக்கச் சொன்னார்கள்

அப்பாவுக்கு 79 வயது. பெருங்குடலில் கட்டி. இதயப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக வந்ததால் அறுவை சிகிச்சையைத் தாங்குவார் என்றார்கள். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். மயக்க மருத்துவர்தான் எதற்கும் முதியோர் நல மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

அவர் முதலில் ஒரு நாற்காலியைக் காட்டினார். எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அப்பா கைப்பிடியை ஊன்றி இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தார். திரும்புமிடத்தில் தயங்கித் தயங்கிச் சின்னச் சின்ன அடிகள். 19 விநாடி ஆனது. 12 விநாடி ஆனாலே விழும் அபாயத்தைக் கவனிக்க வேண்டுமாம்.

பிறகு வட்டம் போட்டு அதற்குள் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் வலப்பக்கமாகவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. 11 மணி 10 நிமிடத்துக்கு முள் வைக்கச் சொன்னதும் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. வீட்டு வரவு செலவெல்லாம் அப்பா கையில்தான் என்று அந்த நிமிடம்வரை நம்பியிருந்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது.

"அறுவைக்குப் பிறகு திடீர் மனக்குழப்பம் வர வாய்ப்பு அதிகம். தயாராக இருங்கள்" என்றார் மருத்துவர். மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். தினமும் நடைப்பயிற்சி, புரதம் கூடிய உணவு. அப்படியும் இரண்டாம் இரவு அப்பா என்னை யாரென்று கேட்டார், மருந்துக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு நாளையும் கிழமையையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் தெளிந்துவிட்டார்.

* * *

முன்னே பேசியவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்; என் அம்மாவுக்கு நடந்தது வேறு. நிமோனியாவோடு அவசரப் பிரிவில் கிடந்தபோது, ஒன்பது படிகள் கொண்ட தளர்ச்சி அளவுகோலில் ஏழு என்று குறித்துவிட்டார்கள். ஏழு என்றால் குளிக்கவும் உடுத்தவும் முழுக்கப் பிறரை நம்பியிருக்கும் நிலை. அதற்கு இரண்டு வாரம் முன்பு அம்மா தனியாக மாடியேறித் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்! இந்த அளவுகோலை நோய் வருவதற்கு முந்தைய நிலையை, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு முன் இருந்த நிலையை, வைத்துத்தான் குறிக்க வேண்டும். வாதாடிய பிறகு மூன்று என்று திருத்தினார்கள். தீவிர சிகிச்சை பற்றிய பேச்சே அதன்பின் மாறியது. உங்கள் வீட்டில் யாரையாவது சேர்த்தால், முந்தைய நிலையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

* * *

நானோ முதியோர் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். முதியவரின் நடை, நினைவு, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் ஆகியவற்றைப் பார்க்கும் இத்தகைய மதிப்பீட்டை எழுதி கோப்பில் வைத்துவிட்டால் மட்டும் பயனில்லை. 1984-இல் அமெரிக்காவில் மருத்துவர் ரூபன்ஸ்டைன் குழு வெளியிட்ட ஆய்வில், மதிப்பீட்டோடு அதற்கேற்ற பராமரிப்பையும் தனிப் பிரிவில் பெற்ற முதியவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 48.3 சதவீதம். அப்பாவைப் பற்றி முதலில் பேசிய மகள் சொன்ன அந்த மூன்று வாரம் வீணில்லை.

நான் கேட்கும் முதல் கேள்வி: "இந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள், ஐயா?" கூட வந்த மகன் உடனே, "அப்பா விழவே இல்லை" என்பார். பெரியவர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இரண்டு முறை, குளியலறையில்" என்பார். அதைத்தான் படிவத்தின் முதல் வரியில் எழுதுகிறேன்.