சைட்டோகைனும் சுவாசப்பை அழற்சியும்: நேரில் பட்டவர்கள் எழுதுங்கள்

தலவாக்கலைத் தம்பி:
அப்பாவுக்கு ஃபெக்டரியில் தேயிலை சலிக்கிற அறையில் வேலை. வீசிங் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. கிளினிக்கில் டாக்டர் சளிப் போத்தலைச் சரித்துக் காட்டினார். அது நகரவே இல்லை, அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. "தூசியைப் பகையென்று எண்ணி உடம்பு இன்டர்லூகின் 4, 5, 13 ஆகிய சைட்டோகைன்களை, அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதங்களை, சுரக்கிறது. 5 இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களைப் பெருக்கும், 13 சளியைப் பெருக்கும்" என்றார். தேயிலைத் தூசியால் ஆஸ்துமா வருவதை இலங்கை நெஞ்சு நோய் டாக்டர் உரகொட 1970லேயே எழுதிவிட்டாராம். இன்றும் அப்பாவின் மூக்கை மறைப்பது பழைய சாரத் துண்டுதான்.

ஹட்டன் மருமகன்:
2021 கொரோனா. மாமாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பிளேன்டீ குடித்தபடி தோட்டத்துக் கதை பேசிக்கொண்டிருந்தவரின் விரலில் ஒட்சிசன் அளக்கும் கருவியை மாட்டினால் 84 வீதம்! கருவிதான் பழுதோ என்று என் விரலில் மாட்டினேன், 96. வைரஸ் தணிந்த பிறகும் இன்டர்லூகின் 6 போன்றவை அடங்காமல் காற்றறைகளில் நீர் கசிந்திருக்கிறது. அழற்சியை அடக்கும் டெக்சாமெதசோன் மருந்தைக் கொடுத்தார்கள், பிழைத்தார். இந்தச் சைட்டோகைன்களை அடக்கி வைப்பதே நல்லது.

நுவரெலியா அக்கா:
மருமகன் தம்பி, அப்படி மொத்தமாக அடக்கிவிட முடியாது. என் நாத்தனாருக்கு மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைத் தடுக்கும் ஊசி போட்டார்கள். வீக்கம் வற்றியது, இருமல் தொடங்கியது. காசநோய். உள்ளே உறங்கும் கிருமியைச் சுற்றி அணுக்கள் கட்டிய வேலியைக் காப்பதே டிஎன்எஃப்தான். டெக்சாமெதசோனும் 2020 பிரித்தானிய ஆய்வில் ஒட்சிசன் தேவைப்பட்ட நோயாளிகளுக்குத்தான் பலன் தந்தது, மற்றவர்களுக்கு இல்லை. ஆகவே டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். விறகுப் புகையும் இன்டர்லூகின் 8ஐத் தூண்டி நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைச் சுவாசப்பைக்குள் இழுக்கும், அடுப்பங்கரையில் பிள்ளைக்குத் தொட்டில் கட்டாதீர்கள். தோட்டத்து லய வீட்டில் இருப்பதே சிறு ஜன்னல், குளிருக்குப் பயந்து அதையும் சாக்கால் அடைக்கிறோம். அழற்சியைத் தணிக்கும் பழுப்புப் பம்பு (இன்ஹேலர்) அடித்தால் வாயைக் கொப்பளியுங்கள். இஞ்சிக் கசாயம் குடிக்கலாம், பம்பை நிறுத்திவிட்டு அல்ல.

தலவாக்கலைத் தம்பி:
அக்கா, எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. நான் கேட்க வந்தது வேறு. பழுப்புப் பம்பைத் தினமும் அடித்தால்தான் அந்தச் சுரப்பு குறையும் என்றார் டாக்டர். அப்பாவோ மூச்சு முட்டும்போது உடனடி ஆறுதல் தரும் நீலப் பம்பை மட்டும் அடித்துக்கொண்டு மறுபடி சலிக்கவே போகிறார். வேறு வேலைக்கு மாற்றம் கேட்டவர்கள் யாராவது உண்டா?

பொகவந்தலாவை:
என் அண்ணன் கேட்டார். டாக்டரின் கடிதத்தைக் காட்டிய பிறகே கொழுந்து வாட்டும் மாடிக்கு மாற்றினார்கள். வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள், கடிதத்தில் 'தூசி' என்று எழுதி வாங்குங்கள்.