யூஜி எகனாமிக்ஸ்ல ஃபைனான்சியல் எகனாமிக்ஸ் எடுக்கலாமா?

ரெண்டாவது வருஷம் எகனாமிக்ஸ் படிக்கிறேன், அடுத்த செமஸ்டர் எலக்டிவ் லிஸ்ட்ல ஃபைனான்சியல் எகனாமிக்ஸ் இருக்கு. மைக்ரோ பிடிக்கும், ஸ்டாட்ஸ் ஓரளவு ஓடும், கால்குலஸ்னா கொஞ்சம் உதறல். சீனியர் ஒருத்தர் அது காமர்ஸ் பசங்க படிக்கிற ஃபைனான்ஸ்தான்ங்கிறாரு, இன்னொருத்தர் ஷேர் ட்ரேடிங் கத்துக்கலாம்ங்கிறாரு. எடுத்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1:
ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல. காமர்ஸ்ல கம்பெனி பக்கம் நின்னு, பணத்தை எப்படி திரட்டுறது எதுல போடுறதுன்னு பாப்பாங்க. இங்க கேள்வி, ஒரு சொத்துக்கு இந்த விலை ஏன் வருது. மைக்ரோல படிச்ச அதே யூட்டிலிட்டிதான், கூட நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாதுங்கிறதை சேர்த்துக்கிட்டா பாதி சிலபஸ் வந்துரும். பணத்தைப் பிரிச்சுப் போட்டா ரிஸ்க் குறையும்னு 1952ல எகனாமிஸ்ட் மார்கோவிட்ஸ் கணக்கா சொன்னதை கையால போட்டுப் பாருங்க: ரெண்டு ஷேர், ரெண்டுக்கும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (வருமானம் எவ்ளோ ஆடும்ங்கிற அளவு, அதான் ரிஸ்க்) 20%, கோரிலேஷன் (ரெண்டும் எவ்ளோ சேர்ந்து ஆடும்ங்கிற அளவு) 0, பாதி பாதி போட்டா ரிஸ்க் 14% கிட்ட இறங்கிடும். கோரிலேஷன் 1னா அதே 20தான். இதுக்கு கால்குலஸே வேணாம், மத்தபடி லக்ராஞ்சியன் (ஒரு வரம்புக்குள்ள எது பெஸ்ட்னு கண்டுபிடிக்கிற கால்குலஸ் முறை) தெரிஞ்சா பெரும்பாலும் சமாளிச்சிடலாம்.

பதில் 2:
எனக்கு மண்டை காஞ்சது ஆப்ஷன் ப்ரைசிங்ல, பிடிச்சதும் அதான். ஷேர் இன்னைக்கு 100, நாளைக்கு 120 இல்லன்னா 90, வட்டி 0ன்னு வச்சுக்கோங்க. 100க்கு வாங்குற உரிமை தர்ற கால் ஆப்ஷன் ஏறினா 20 தரும், இறங்கினா ஒண்ணுமில்ல. இப்ப 60 கடன் வாங்கி ஒரு ஷேர்ல மூணுல ரெண்டு பங்கு வாங்குங்க, ஏறினா அது 80, கடனை கட்டினா மிச்சம் 20, இறங்கினா இருக்கிற 60 கடனுக்கே சரியா போயிடும், அப்படியே ஆப்ஷன் மாதிரி. அதுக்கு கைக்காசு 6.67, அப்ப ஆப்ஷன் விலையும் 6.67தான் இருக்கணும். ஷேர் ஏற எவ்ளோ வாய்ப்புன்னு யாருமே கேக்கல பாத்தீங்களா! ஆப்ஷன் விலை கண்டுபிடிக்க 1973ல வந்த பிளாக்-ஷோல்ஸ் ஃபார்முலாவுக்கு அடியில இருக்கிறதும் இந்த லாஜிக்தான்.

பதில் 3:
ட்ரேடிங்குக்காகன்னா எடுக்காதீங்க. சந்தையை ஜெயிக்கிறது ரொம்ப கஷ்டம்னு சொல்ற ஃபாமாவுக்கும், விலைகள் தறிகெட்டு ஓடும்னு சொல்ற ஷில்லருக்கும் 2013ல ஒண்ணாவே நோபல் குடுத்தாங்க, இந்த சண்டை பிடிக்கும்னா தாராளமா எடுங்க. கூடவே எகனோமெட்ரிக்ஸும் எடுத்துடுங்க, இல்லன்னா கேப்-எம் (CAPM, ஒரு சொத்தோட ரிஸ்க்குக்கு எவ்ளோ வருமானம் எதிர்பார்க்கலாம்னு சொல்றது) மாதிரி மாடலை டேட்டாவுல டெஸ்ட் பண்ண முடியாம வெறும் தியரியோட நிக்கணும்.

கேட்டவர்:
பதில் 2, வாய்ப்பு கணக்குல வரவே இல்லன்னா அது எங்கதான் போச்சு?

பதில் 2:
எங்கயும் போகல, அந்த 100க்குள்ளயே இருக்கு. நாளைக்கு ஏறிடும்னு எல்லாரும் நினைச்சிருந்தா ஷேர் இன்னைக்கே 100ல நின்னிருக்காதே.